ஆங்கிலச் சொற்குடும்பங்களைச் செக் மொழிக்குப் பெயர்த்தல்

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குரிய செக் நிகர்ச்சொல்லை அகராதியில் தனியே தேடி எடுப்பது, அந்தச் சொல்லைச் சூழ்ந்து நிற்கும் உறவுச் சொற்களைக் கணக்கில் கொள்ளாதவரை, பாதி வேலையே ஆகும். அந்த உறவுச் சொற்கள் ஒரு பொருட்பரப்பைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றன என்பதும், அதே பரப்பைச் செக் மொழி எந்த இடங்களில் பிரிக்கிறது, எந்த இடங்களில் பிரிக்காமல் விடுகிறது என்பதும் தெளிந்த பிறகுதான் தனிச்சொல்லுக்கான தேர்வு உறுதிப்படும். ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, ஒரே துறையில் ஒன்றையொன்று வரையறுப்பவை, பொருளால் மிக நெருங்கியவை ஆகிய மூவகைச் சொற்களையும் இந்த அத்தியாயம் சொற்குடும்பம் என்ற ஒரே பெயரால் குறிக்கிறது. ஒரு குடும்பத்தை முழுதாகப் பெயர்த்த பின்னரே அதன் உறுப்பினரைப் பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் நிலைப்பாடு.

செக் சொற்கள் இங்கே ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. செக் எழுத்துமுறையில் உயிரெழுத்தின்மேல் இடப்படும் கோடு நெடிலைக் காட்டுவது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவது போலவே அங்கும் 'பித்' என்பது குடியிருப்பையும் 'பீத்' என்பது 'இருத்தல்' என்ற வினையையும் குறிக்கும் என்பதால், எழுத்துவடிவத்தை அகராதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எழுதுவது நல்லது.

பிரிக்கும் இடங்களும் பிரிக்காத இடங்களும்

உடலுறுப்புச் சொற்களில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் தோள் முதல் மணிக்கட்டு வரையிலான பகுதிக்கு ஒரு சொல்லும் மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதிக்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கிறது. செக் மொழியின் 'ருக்கா' தமிழின் 'கை'யைப் போல இரண்டையும் தழுவுகிறது. 'நொஹா' என்பது தமிழின் 'கால்' போலவே தொடை தொடங்கிப் பாதம் வரை செல்லும். கைவிரலையும் கால்விரலையும் ஆங்கிலம் தொடர்பற்ற இரு சொற்களால் குறிக்க, செக் மொழி இரண்டையும் 'ப்ர்ஸ்த்' என்றே சொல்லி, தேவைப்படும்போது மட்டும் 'காலின்' என்ற அடையைச் சேர்க்கிறது. ஆகவே அன்றாட உரையில் ஆங்கிலப் பிரிவினையைச் செக் மொழியில் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. மருத்துவ அறிக்கையில் நிலைமை வேறு: அங்கே மேற்கையை 'பஜெ' என்றும், முன்கையை 'ப்ர்ஷெத்லொக்தீ' என்றும், உள்ளங்கையை 'த்லஞ்' என்றும், முழுக் கையை 'மேல் அவயவம்' என்ற பொருள்படும் தொடராலும் பிரித்தெழுதுவது கட்டாயமாகிறது. கட்டைவிரலைக் குறிக்கும் 'பலெத்ஸ்' அங்குல அளவையின் பெயராகவும் வரும். அடி என்ற அளவைக்கோ 'நொஹா' வராது, தடம் என்ற பொருளுடைய 'ஸ்தொப்பா' வரும். அளவுகள் நிறைந்த பொறியியல் குறிப்பில் இந்த இரண்டையும் ஒரே குடும்பமாகக் கருதி முதலிலேயே நிறுத்தி வைப்பது பிற்பாடு பல திருத்தங்களைத் தவிர்க்கும்.

தமிழும் ஆங்கிலமும் ஒருபுறமும் செக் மறுபுறமும் நிற்கும் இடங்களே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் கடினமானவை. 'அவருக்குப் பிராக் நகரம் தெரியும்', 'அவர் வரமாட்டார் என்று தெரியும்', 'அவருக்குச் செக் தெரியும்' என்னும் மூன்று வாக்கியங்களிலும் தமிழ் ஒரே வினையை ஆள்கிறது. ஆங்கிலமும் அவ்வாறே செய்யும். செக் மொழியிலோ ஆளோடும் இடத்தோடும் ஏற்படும் பழக்கத்துக்கு 'ஸ்நாத்', செய்தியை அறிந்திருப்பதற்கு 'வ்யெத்யெத்', ஒரு திறனைக் கைவரப் பெற்றிருப்பதற்கு 'உம்ஞெத்' என மூன்று வினைகள் தேவை. தாய்மொழியும் மூலமொழியும் இந்த வேறுபாட்டைச் சுட்டாததால், இது மனத்தில் பதியும் வரை ஒவ்வொரு முறையும் 'அறியப்படுவது ஆளா, செய்தியா, திறனா' என்று கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. செல்லுதல் என்ற வினையிலும் நடந்து செல்வதற்கு 'யீத்', ஊர்தியில் செல்வதற்கு 'யெத்' என்ற பிரிவும், வழக்கமாகச் சென்றுவருவதற்கு முறையே 'ஹொதித்', 'யெஸ்தித்' என்ற பிரிவும் உண்டு. மணம் செய்தல் என்ற வினை, ஆண் செய்தால் 'ஒஜெனித் ஸெ', பெண் செய்தால் 'வ்தாத் ஸெ'. இருவரும் ஒருவரையொருவர் மணந்தனர் எனும்போது 'வ்ஸீத் ஸெ'. பாலைக் குறிப்பிடாத ஆங்கில விண்ணப்பப் படிவத்தைப் பெயர்ப்பவர் வினையை விட்டுவிட்டுக் 'குடும்ப நிலை' என்ற பெயர்ச்சொல் தொடரைத் தேர்வதே முறை.

'வ்யெத்' என்ற வேரும் அதன் கிளைகளும்

ஒரு சொற்குடும்பத்தை எப்படி விரித்துப் பார்ப்பது என்பதற்கு 'வ்யெத்' என்ற வேரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அறிதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து ஆங்கிலத்தில் சயின்ஸ், கான்ஷியன்ஸ், கான்ஷியஸ் முதலிய சொற்கள் பிறந்தன. செக் மொழி பெரும்பாலும் அதே அறிதற்பொருளுள்ள தன் சொந்த வேரிலிருந்தே இவற்றுக்கு இணைகளை ஆக்கிக்கொண்டது. அறிவியல் 'வ்யெதா', உணர்வுநிலை 'வ்யெதொமீ', மனச்சாட்சி 'ஸ்வ்யெதொமீ', ஆழ்மனம் 'பொத்வ்யெதொமீ', விழிப்புணர்வு 'பொவ்யெதொமீ'. மனச்சாட்சி என்ற தமிழ்ச் சொல்லுக்குள் சாட்சி இருப்பது போல, 'ஸ்வ்யெதொமீ'க்கு மிக அருகில் சாட்சியைக் குறிக்கும் 'ஸ்வ்யெதெக்' நிற்பதைக் கண்டுகொண்ட தமிழ் வாசகருக்கு இந்தச் சொல் மறக்காது. கடமையுணர்வோடு செயல்படுபவரைக் குறிக்கும் 'ஸ்வ்யெதொமிதீ' என்ற பெயரடையும் இதிலிருந்தே வருகிறது.

இவ்வளவு ஒழுங்கைக் கண்டு எல்லாக் கிளைகளையும் இயந்திரம்போல் ஆக்கிவிடத் தோன்றும். பிழை நுழைவதும் அங்கேதான். 'ஸெபெ' என்றால் தன்னை என்று பொருள் என்பதால், பிறர் பார்வையில் கூசி நிற்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய செல்ஃப்-கான்ஷியஸுக்கு 'ஸெபெவ்யெதொமீ' என்று எழுதினால், அது நேர் எதிர்ப்பொருளைத் தந்துவிடும், ஏனெனில் செக் மொழியில் அந்தச் சொல் தன்னம்பிக்கையாளரையே குறிக்கிறது. கூச்சப் பொருளுக்கு 'ரொஸ்பச்சிதீ', 'நெஸ்வூய்' போன்ற வேறு வேரின் சொற்களுக்குப் போக வேண்டும். நினைவிழந்த நோயாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், உளப்பகுப்பாய்வில் நனவிலி மனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒன்றே. செக் மொழியில் முன்னவர் 'பெஸ்வ்யெதொமீ' என்ற நிலையில் இருக்கிறார், பின்னது 'நெவ்யெதொமீ' எனப்படும், அதையொட்டிய பெயரடையோ அறியாமையையும் சுட்டும். மருத்துவமனைக் குறிப்பில் இந்த இரண்டு மாறிப்போனால் வாசிப்பவர் குழம்புவார்.

'வ்யெதா'வின் எல்லையும் சயின்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எல்லையும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அடைமொழியின்றி வரும்போது அது பெரும்பாலும் இயற்கை அறிவியலையே குறிக்க, செக் மொழியின் சொல் வரலாறு, மொழியியல் போன்றவற்றையும் இயல்பாகவே உள்ளடக்குகிறது. எனவே அறிவியலையும் மானுடத் துறைகளையும் எதிரெதிரே நிறுத்தும் ஆங்கிலத் தொடரைப் பெயர்க்கும்போது, ஒருபுறம் 'இயற்கை அறிவியல்கள்', மறுபுறம் 'மானுட அறிவியல்கள்' என்ற பொருள்பட இரண்டிலும் 'வ்யெதா' வருமாறு எழுதினால்தான் அந்த எதிர்நிலை நிலைக்கும்.

எழுதுதலும் முன்னொட்டுகளும்

எழுதுதல் என்ற வினையைச் சுற்றியுள்ள குடும்பம், செக் இலக்கணத்தின் மையமான வினைநோக்கு என்ற பண்பை விளக்க உதவும். வினைநோக்கு என்பது ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதாகவோ வழக்கமாக நிகழ்வதாகவோ பார்க்கப்படுகிறதா, முடிந்த முழுமையாகப் பார்க்கப்படுகிறதா என்பதைக் காட்டும் பாகுபாடு. எழுதிக்கொண்டிருப்பதற்கு 'ப்ஸாத்', எழுதி முடிப்பதற்கு 'நப்ஸத்'. தமிழில் 'எழுதிவிடு' என்ற துணைவினைச் சேர்க்கை இதற்கு ஓரளவு நெருங்கி வரும். முன்னொட்டு மாறினால் முடிவுநோக்கோடு சேர்த்துப் பொருளும் மாறும்: 'பொப்ஸத்' விவரித்தல், 'பொதெப்ஸத்' கையொப்பமிடல், 'ப்ர்ஷெப்ஸத்' திருப்பியெழுதுதல், 'ஸப்ஸத்' பதிவுசெய்தல், 'ப்ர்ஷெதெப்ஸத்' மருந்தையோ விதியையோ குறித்தளித்தல். இவை ஒவ்வொன்றுக்கும் 'பொப்பிஸொவத்' போன்ற முடிவுறா இணையும் உண்டு. ஆங்கிலத்தின் இலத்தீன்வழி வினைகளான டிஸ்க்ரைப், ப்ரிஸ்க்ரைப் ஆகியவற்றோடு இந்த அமைப்பு உறுப்புக்கு உறுப்பு பொருந்துவது தற்செயலன்று. கற்றோர் வழக்கில் செக் மொழி நெடுங்காலம் இலத்தீனையும் ஜெர்மனையும் பார்த்துத் தன் சொந்த உறுப்புகளால் சொற்களைக் கட்டிவந்திருக்கிறது. கையையும் எழுத்தையும் இணைத்த 'ருக்கொப்பிஸ்' கையெழுத்துப் பிரதியையும் ஒருவரது கையெழுத்தின் பாங்கையும் குறிக்கும். தமிழில் கையெழுத்து என்பது கையொப்பத்தையும் தழுவும், செக் மொழியில் கையொப்பம் தனியே 'பொத்பிஸ்'.

பொருத்தம் வினையில் இருப்பதால் பெயரிலும் இருக்கும் என்று கொள்ளலாகாது. மருந்து குறித்தளிக்கும் வினை 'ப்ர்ஷெதெப்ஸத்' ஆனாலும், மருத்துவர் தரும் சீட்டு 'ரெத்ஸெப்த்'. அதே சொல் சமையல் செய்முறையையும் குறிக்கும். வினைக்கு உறவான 'ப்ர்ஷெத்பிஸ்' இன்று முதன்மையாக விதிமுறையையும் சட்ட ஏற்பாட்டையும் குறிக்கிறது. இதழுக்குச் சந்தா செலுத்துதலுக்கு இந்தக் குடும்பமே உதவாது: முன்பணம் செலுத்துதல் என்ற பொருளில் 'ப்ர்ஷெத்ப்லதித் ஸி' வரும், செய்திமடலைத் தொடர்ந்து பெறுவதற்கு 'ஒதெபீரத்' வரும்.

சட்டமும் நிர்வாகமும்

செக் குடியரசு 2004 மே 1-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்ததோடு, ஒன்றியத்தின் ஆணைகளுக்குரிய செக் சொற்களும் நிலைபெற்றன. ரெகுலேஷன் 'நர்ஜீஸெனீ', டைரெக்டிவ் 'ஸ்ம்ஞெர்னித்ஸெ', டிசிஷன் 'ரொஸ்ஹொத்னுதீ', ரெக்கமெண்டேஷன் 'தொப்பொருச்செனீ'. இவை ஒன்றோடொன்று எதிர்நிலையில் பொருள் பெறுபவை. முதலாவது உறுப்பு நாடுகளில் நேரடியாகச் செல்லும், இரண்டாவது எட்ட வேண்டிய இலக்கை மட்டும் கட்டாயமாக்கி வழியை நாட்டுச் சட்டத்திடம் விடும். எனவே ஒன்றிய ஆவணத்தில் நடைவேறுபாட்டுக்காக ஒன்றுக்கு மற்றொன்றை எழுதுவது சட்டப்பிழையாகும். அதே ரெகுலேஷன் என்ற சொல் செக் உள்நாட்டுச் சட்டத்தைப் பற்றிய ஆங்கில உரையில் வந்தால், அது அரசின் 'நர்ஜீஸெனீ'யாகவோ அமைச்சகம் வெளியிடும் 'விஹ்லாஷ்கா'வாகவோ பொதுப்படையான 'ப்ர்ஷெத்பிஸ்'ஸாகவோ இருக்கக்கூடும் என்பதால், எந்த அமைப்பு பிறப்பித்தது என்பதைக் கண்டறியாமல் முடிவு செய்யக் கூடாது.

சட்டம் நடைமுறைக்கு வருதலும் இவ்வாறே. செக் உள்நாட்டு முறையில் சட்டத் தொகுப்பில் வெளியானதும் சட்டம் 'ப்லத்னொஸ்த்', அதாவது செல்லுபடி, பெறுகிறது. மக்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் 'ஊச்சின்னொஸ்த்' பெரும்பாலும் அதற்குப் பின்னொரு நாளில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செக் வாசகத்தில் ஆணை அமலுக்கு வருவது 'ப்லத்னொஸ்த்' என்ற சொல்லாலும், அது பயன்படுத்தப்படத் தொடங்குவது வேறொரு வினையாலும் சொல்லப்படுகிறது. இரண்டு மரபுகளையும் ஒரே ஆவணத்தில் கலந்தால் தேதிகளைப் பற்றிய வாதம் எழ இடமுண்டு.

'ஊச்சின்னொஸ்த்' இயற்பியலில் எந்திரத்தின் திறன் விகிதத்தையும் மருந்தியலில் மருந்தின் பயன் விளைவையும் குறிக்கும். பொது நிதித் தணிக்கையின் முக்கூட்டில் அதற்கு இடமே இல்லை. நிதிக் கட்டுப்பாட்டைப் பற்றிய 2001-ஆம் ஆண்டின் 320-ஆம் எண் சட்டம் மூன்று அளவுகோல்களை வரையறுக்கிறது: சிக்கனத்துக்கு 'ஹொஸ்பொதார்னொஸ்த்', எஃபிஷியன்சிக்கு 'எஃபெக்திவ்னொஸ்த்', எஃபெக்டிவ்னஸுக்கு 'ஊச்செல்னொஸ்த்'. ஒலியொற்றுமையை நம்பி மூன்றாவதற்கு 'எஃபெக்திவ்னொஸ்த்' என்று எழுதிவிட்டால், இரண்டாவதற்குரிய சொல் பறிபோவதோடு தணிக்கைக் கண்டுபிடிப்பே வேறொன்றாகிவிடும். ஒரு சொல்லின் பிழை அண்டைச் சொல்லையும் கெடுக்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை.

பாதுகாப்பைக் குறிக்கும் சேஃப்டி, செக்யூரிட்டி ஆகிய இரண்டுக்கும் பொதுவழக்கில் 'பெஸ்பெச்னொஸ்த்' ஒன்றே நிற்கிறது. இணையப் பாதுகாப்புக்கான செக் தேசிய அலுவலகத்தின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக வரும் துறைகளிலோ பிரிவு தேவைப்படுகிறது. விபத்திலிருந்து காப்பது 'பெஸ்பெச்னொஸ்த்' ஆக, சட்டவிரோதச் செயலிலிருந்து காப்பது விமானப் போக்குவரத்தில் 'ஒஹ்ரனா' என்றும் அணுசக்தித் துறையில் 'ஸபெஸ்பெச்செனீ' என்றும் வழங்கும். சமூகப் பாதுகாப்புத் திட்டமும் 'ஸபெஸ்பெச்செனீ'தான். பங்குச்சந்தையின் செக்யூரிட்டி என்பதோ 'மதிப்புடைய தாள்' என்று பொருள்படும் 'த்ஸென்னீ பப்பீர்'. அவ்வாறே பாலிடிக்ஸ், பாலிசி இரண்டும் 'பொலிதிக்கா'வில் அடங்கினாலும், காப்பீட்டு ஆவணம் 'பொயிஸ்த்கா' ஆகிறது, ஒரு நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கை 'ஸாஸதி', அதாவது நெறிகள், என்ற பன்மைச் சொல்லால் தலைப்பிடப்படுகிறது.

வேதியியல் தரும் பாடம்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யான் ஸ்வாதொப்லுக் ப்ரெஸ்ல் செக் மொழியின் வேதியியல், தாவரவியல் சொல்வளத்துக்குப் பெரும்பணி ஆற்றினார். யோசெஃப் யுங்மன்னின் ஐந்து தொகுதிச் செக்-ஜெர்மன் அகராதி 1834 முதல் 1839 வரை வெளிவந்தது. நீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹைட்ரஜனுக்கு 'வொதீக்' என்றும், புளிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து ஆக்சிஜனுக்கு 'கிஸ்லீக்' என்றும் ஆன பெயர்கள் இன்றும் பள்ளி முதல் ஆய்வகம் வரை வழங்குகின்றன. நீரகம் என்ற தமிழ்ச் சொல்லை அறிந்தவர் இந்த ஆக்கமுறையை உடனே கண்டுகொள்வார்.

இதைவிட வியப்புக்குரியது, வேதியியலாளர் எமில் வொதொச்செக்கின் பெயரோடு இணைந்த பின்னொட்டு முறை. சேர்மத்தில் ஒரு தனிமம் கொண்டுள்ள ஆக்சிஜனேற்ற எண்ணை ஒன்றிலிருந்து எட்டு வரை பெயரடையின் பின்னொட்டே காட்டுகிறது: ஒன்றுக்கு 'னீ', இரண்டுக்கு 'னதீ', மூன்றுக்கு 'இதீ', நான்குக்கு 'இச்சிதீ', ஐந்துக்கு 'இச்னீ' அல்லது 'எச்னீ', ஆறுக்கு 'ஒவீ', ஏழுக்கு 'இஸ்தீ', எட்டுக்கு 'இச்செலீ'. ஆங்கிலத்தின் மோனாக்சைடு, டைஆக்சைடு என்ற பெயர்கள் அணுக்களை எண்ணுகின்றன. செக் பெயர்கள் ஆக்சிஜனேற்ற எண்ணைச் சொல்கின்றன. கார்பன் மோனாக்சைடு 'ஒக்ஸித் உஹெல்னதீ', கார்பன் டைஆக்சைடு 'ஒக்ஸித் உஹ்லிச்சிதீ'. பழைய நூல்களில் 'ஒக்ஸித்' இருக்குமிடத்தில் 'கிஸ்லிச்னீக்' காணப்படும். மேற்கோளில் அன்றிப் புதிய உரையில் அதை எடுத்தாளக் கூடாது.

ஆங்கிலத்தில் குறைந்த நிலைக்கு 'அஸ்', கூடிய நிலைக்கு 'இக்' என்ற ஈறுகள் ஒப்பீட்டு நிலையை மட்டுமே சொல்பவை. ஃபெரஸ் சேர்மத்தில் இரும்பின் எண் இரண்டு, நைட்ரஸ் அமிலத்தில் நைட்ரஜனின் எண் மூன்று, சல்ஃபியூரஸ் அமிலத்தில் கந்தகத்தின் எண் நான்கு என்பதால், ஆங்கிலத்தின் ஒரே ஈற்றுக்குச் செக் மொழியில் மூன்று வெவ்வேறு பின்னொட்டுகள் வருகின்றன. 'இதீ' என்ற பின்னொட்டு இரும்பில் ஃபெரிக்கையும் நைட்ரஜனில் நைட்ரஸையும் குறிக்கும். நைட்ரைட்டு 'துஸிதன்', நைட்ரேட்டு 'துஸிச்னன்'. சல்ஃபைட்டு 'ஸிர்ஜிச்சிதன்', சல்ஃபேட்டு 'ஸீரன்'. ஆகவே ஈற்றுக்கு ஈறு என்று பெயர்க்காமல், வாய்பாட்டைப் பார்த்து எண்ணைக் கணக்கிட்டு அதிலிருந்து பெயரை அமைப்பதே பிழையற்ற வழி. இவ்வகைப் பெயரடை பெயருக்குப் பின்னால் நிற்கும். ஆக்சைடு ஆண்பால், அமிலம் பெண்பால் என்பதால் ஈற்றுயிரும் மாறும்.

திரையில் தோன்றும் சொற்கள்

மென்பொருள் இடைமுகத்தில் சொற்கள் சூழலின்றி வருவதால் குடும்பமாகத் திட்டமிடுவது இன்னும் இன்றியமையாதது. பொத்தானில் முடிவுநோக்கு வினையெச்சமாகிய 'உலொஜித்' சேமித்தலைக் குறிக்க, அது நடந்துகொண்டிருக்கும்போது 'உக்லாதானீ' என்ற பெயரும், முடிந்தபின் 'உலொஜெனொ' என்ற வடிவமும் காட்டப்படும். அகற்றுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல: அழிப்பதற்கு 'ஒத்ஸ்த்ரனித்' அல்லது 'ஸ்மஸத்', பட்டியலிலிருந்து எடுப்பதற்கு 'ஒதெப்ரத்', உள்ளடக்கத்தைத் துடைப்பதற்கு 'விமஸத்', செயலைக் கைவிடுவதற்கு 'ஸ்ருஷித்'. பட்டியலிலிருந்து எடுப்பதற்கும் நிலையாக அழிப்பதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிட்டால் பயனர் தம் கோப்பையே இழக்க நேரலாம்.

எண்ணோடு வரும் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களில் அடங்கும்; செக் மொழியில் மூன்று தேவை. ஒரு கோப்பு 'ஸௌபொர்', 2 முதல் 4 வரை 'ஸௌபொரி', 5-க்கும் அதற்கு மேற்பட்ட எண்களுக்கும் சுழியத்துக்கும் 'ஸௌபொரூ'. வினையும் உடன் மாறும் என்பதால், எண்ணும் பெயரும் தனித்தனித் துண்டுகளாக வரும் ஆங்கில உரையை அப்படியே ஏற்காமல், நிரலாளரிடம் மூன்று முழு வாக்கியங்களுக்கு இடம் கேட்டுப் பெற வேண்டும். பேரெண்களிலும் கவனம் வேண்டும்: ஆங்கிலப் பில்லியன், அதாவது 100 கோடி, 'மிலியர்தா' ஆகும், செக் மொழியின் 'பிலியொன்' ஆங்கில டிரில்லியனுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடிக்குச் சமம்.

சொற்பட்டியலை அமைத்தல்

ஒலியால் ஏமாற்றும் சொற்கள் சிலவற்றைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். 'எவெந்துவால்ஞெ' என்றால் 'தேவைப்பட்டால்', 'இறுதியில்' அன்று. 'அக்துவால்னீ' தற்போதைய, 'உண்மையான' அன்று. 'கிம்னாஸியும்' உயர்கல்விக்கு ஆயத்தப்படுத்தும் மேல்நிலைப் பள்ளி. 'ப்ரொமொத்ஸெ' பட்டமளிப்பு விழா. 'நொவெலா' குறுநாவலும் சட்டத் திருத்தமும், நாவலோ 'ரொமான்'.

மற்றவற்றுக்கு, ஆங்கிலத் தலைச்சொல் ஒவ்வொன்றின்கீழும் அதன் உறவுச் சொற்கள் அனைத்தையும் எழுதி, வினையானால் இருநோக்கு இணையையும், பெயரானால் பாலையும், பெயரடை வடிவத்தையும், துறையையும், விலக்க வேண்டிய நிகர்ச்சொல்லையும் பக்கத்தில் குறிப்பது போதுமானது. ஒன்றியச் சட்டச் சொற்களுக்கு ஐயாத்தே என்ற ஒன்றியக் கலைச்சொல் தரவுத்தளமும், உருபு வடிவங்களுக்குச் செக் மொழி நிறுவனத்தின் இணைய மொழிக் கையேடும் உதவும். சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தின் செக் தேசியத் தொகுவகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதன் இன்டர்கார்ப் என்ற இணைமொழித் தொகுப்பும், அதை அடிப்படையாகக் கொண்ட த்ரெக் என்ற கருவியும், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்தச் செக் சொல் எத்தனை முறை இணையாக வந்துள்ளது என்பதைக் காட்டும். அந்த எண்ணிக்கை பலதுறை உரைகளிலிருந்து திரட்டப்பட்டது என்பதையும், திரைப்பட வசன வரிகளும் நாடாளுமன்ற உரைகளும் அதில் கலந்துள்ளன என்பதையும் நினைவில் கொண்டு, துறைவாரியாகப் பிரித்தே தேட வேண்டும். முதலிடம் பெற்ற சொல்லை எடுத்துக்கொண்டதும், அதே சொல் குடும்பத்தின் வேறு எந்த ஆங்கில உறுப்பினருக்கும் முதலிடம் பெறுகிறதா என்று எதிர்த்திசையில் தேடிப் பார்ப்பது அவசியம். பெறுமானால், அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் கைவசமுள்ள ஆவணத்தில் ஒன்றாக வருகின்றனவா என்பதைத் தேடி, வந்தால் ஒன்றுக்கு வேறு சொல்லைத் தேர்ந்து, அந்தத் தேர்வைப் பட்டியலில் பதிந்த பின்னரே முதல் வாக்கியத்தைப் பெயர்க்கத் தொடங்க வேண்டும்.